குறுக்குவழியும் பொதுநன்மையும்

தவறு என்று எதையும் செய்யாமலே ஒருவன் பிறருக்குத் தீங்கு செய்துவிட முடியுமா? குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற நாள்களில் இவ்வினாவை நாம் பலமுறை விவாதித்ததுண்டு. வேடனின் குறி தவறிய அம்பு, மருத்துவரின் கத்தி, மூழ்கும் கப்பலிலிருந்து தப்பிய இருவருக்குக் கிடைத்த ஒற்றைப் பலகை ஆகியவையே அன்று எடுத்துக்காட்டுகளாக வந்தன. ஆண்டுகள் பல கழிந்தபின், அதே வினா சாலைப் போக்குவரத்துக் கணக்கு ஒன்றின் உருவில் நம் அறைக்குள் வந்து அமரும் என்று நாம் எண்ணியதில்லை.

நமது பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் போக்குவரத்துப் பொறியியலில் ஆய்வு செய்கிறார். விடுமுறைக்கு வந்தவர், ஒரு ஞாயிறு மாலை நம்மைப் பார்க்க வந்தார். எதை ஆய்வு செய்கிறீர் என்று கேட்டோம். பழைய திருவிழா அறிக்கை ஒன்றின் பின்புறத்தில் சில கோடுகளை வரைந்து, எண்களை எழுதி, "சாமி, இதுல பாவம் பண்ணினது யாருன்னு நீங்கதான் சொல்லணும்" என்று சிரித்தார். அன்றிரவு நமக்கு உறக்கம் வரத் தாமதமாயிற்று.

அக்கணக்கு, ஜெர்மானியக் கணித அறிஞர் டீட்ரிஹ் பிரேஸ் 1968-இல் வெளியிட்டது. எண்கள் அவருடையவை, பாலமும் சாலையும் புரிதலுக்காக நாம் சேர்த்தவை. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ஆறு ஊர்திகள் செல்ல வேண்டும். வழிகள் இரண்டு. வடவழியில் முதலில் ஒரு குறுகிய பாலம், பிறகு நீண்ட அகன்ற சாலை. தென்வழியில் முதலில் அகன்ற சாலை, கடைசியில் குறுகிய பாலம். பாலத்தில் எத்தனை ஊர்திகள் சேர்கின்றனவோ அத்தனை பத்து நிமிடங்கள் ஒவ்வொருவருக்கும் ஆகும். மூன்று ஊர்திகள் என்றால் ஒவ்வொருவருக்கும் 30 நிமிடம். அகன்ற சாலையில் 50 நிமிடமும், அதோடு அதில் செல்லும் ஊர்தி ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடமும் ஆகும். ஆறு பேரும் மூன்று மூன்றாகப் பிரிந்து சென்றால் ஒவ்வொருவருக்கும் 30-உம் 53-உம் சேர்ந்து 83 நிமிடம். எவரும் வழி மாற விரும்பார். மாறினால் அவருக்கே நட்டம்.

இப்போது ஊராட்சியினர் நல்லெண்ணத்தோடு ஒரு குறுக்குச் சாலை அமைக்கின்றனர். வடவழிப் பாலத்தைக் கடந்தவர், அகன்ற சாலையை விட்டுவிட்டு, அக்குறுக்குச் சாலை வழியே நேரே தென்வழிப் பாலத்தை அடையலாம். அதில் 10 நிமிடமும் ஊர்திக்கு ஒரு நிமிடமும் ஆகும். வடவழிக்காரர் ஒருவர் அதில் திரும்புகிறார். அவருக்கு 30, 11, 40 ஆக 81 நிமிடம். இரண்டு நிமிடம் மிச்சம். அவரை யார் குறை சொல்வார்? ஆனால் தென்வழியில் வந்துகொண்டிருந்த மூவரும் பாலத்தில் தங்களோடு நான்காவதாக ஒருவர் நிற்பதைக் காண்கின்றனர். அவர்களுடைய பயணம் 93 நிமிடமாகிவிட்டது. ஆளுக்குப் பத்து நிமிட இழப்பு. மறுநாள் அம்மூவரில் ஒருவர், இழந்ததில் ஒரு நிமிடத்தையாவது மீட்போம் என்று தாமும் வடபாலம் ஏறிக் குறுக்குச் சாலைக்கு வருகிறார். அவருக்கு 40, 12, 40 ஆக 92. கணக்கை முடித்துப் பார்த்தால் இப்போது ஆறு பேருக்கும், எந்த வழியில் சென்றாலும், 92 நிமிடம். இனி எவர் தனியாக மாறினாலும் அவருக்கு நட்டமே. புதிய சாலை ஒன்று வந்து, ஆறு பேரும் ஆளுக்கு ஒன்பது நிமிடம் இழந்து, அங்கேயே சிக்கிக்கொண்டனர்.

முதலாமவர் இரண்டு நிமிடம் பெற்றார். முன்பின் அறியாத மூவர் முப்பது நிமிடம் இழந்தனர். அவர் பொய் சொல்லவில்லை, திருடவில்லை, விதி எதையும் மீறவில்லை. இரண்டாமவரோ நெருக்கப்பட்டு மாறியவர். திருத்தந்தையாக இருந்த புனித இரண்டாம் யோவான் பவுல், 1987-இல் சமூக அக்கறை பற்றி எழுதிய சுற்றுமடலில் பாவத்தின் கட்டமைப்புகள் பற்றிப் பேசினார். தனிமனிதரின் பாவங்களிலிருந்தே அவை எழுகின்றன என்பது அவர் வலியுறுத்திய கருத்து. பிரேஸின் ஆறு ஊர்திகளில் அந்த முதற் பாவம் எங்கே என்று நாம் தேடிப் பார்த்தோம். நமக்கு அகப்படவில்லை. அகப்பட்டது வேறொன்று: தான் படும் நேரம் ஒவ்வொருவருக்கும் தெரிகிறது, தன்னால் பிறர் படும் நேரம் ஒருவருக்கும் தெரிவதில்லை.

இந்த வேறுபாட்டைத்தான் பொறியாளர்கள் கணக்காக்கி வைத்திருக்கின்றனர். 1952-இல் இங்கிலாந்தில் ஜான் வார்ட்ராப் என்பவர் இரண்டு கோட்பாடுகளை எழுதினார. ஒவ்வொருவரும் தமக்குக் குறுகிய வழியைத் தேடினால், இறுதியில் பயன்படும் வழிகள் எல்லாம் ஒரே நேரம் பிடிப்பவையாகவும், பயன்படாதவை அதற்குக் குறையாத நேரம் பிடிப்பவையாகவும் அமையும், இது முதலாவது. எல்லாருடைய பயண நேரத்தையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை மிகக் குறைவாக இருக்கும்படி ஊர்திகளைப் பங்கிடுவது இரண்டாவது. முதலாவது உள்ளபடியான உலகம். இரண்டாவது ஆகவேண்டிய உலகம் என்று சொல்லத் தோன்றும். அவசரப்பட வேண்டாம், அதற்குப் பின்னர் வருவோம்.

ஒரு நகரத்துக்கு இக்கணக்கைப் போடுவது எளிதன்று. நெரிசல் நேர்கோட்டில் வளர்வதில்லை. 1964-இல் அமெரிக்கப் பொதுச்சாலைத் துறை வகுத்த, இன்றும் பரவலாகக் கையாளப்படும் வாய்பாட்டின்படி, சாலையின் கொள்ளளவை எட்டும்போது பயண நேரம் 15 விழுக்காடு கூடும். ஊர்திகள் அதைப்போல் இருமடங்கானால் நேரம் 3.4 மடங்காகும். ஒருவர் வழி மாறினால் எல்லாச் சாலைகளின் நேரமும் மாறும். அது மாறினால் மற்றவர் மனமும் மாறும். இந்தச் சுழற்சி நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியும் என்று 1956-இல் மார்ட்டின் பெக்மனும் உடன் ஆய்வாளர்களும் காட்டினர். அவர்கள் கண்ட உண்மை நம்மை வியப்பில் ஆழ்த்தியது. தன்னலத்தோடு ஓடும் அத்தனை பேரும் சேர்ந்து, தங்களை அறியாமலே, ஒரு குறிப்பிட்ட அளவைக் குறைத்துக்கொண்டிருக்கின்றனர். அந்த அளவு எவருடைய நேரமும் அன்று. எல்லாருடைய நேரத்தின் கூட்டும் அன்று. ஒருவரும் விரும்பாத ஓர் இலக்கை நோக்கி ஊரே ஒழுங்காக நடக்கிறது.

அதே 1956-இல் மார்கரீத் ஃபிராங்க், ஃபிலிப் உல்ஃப் ஆகிய இருவர் வகுத்த படிமுறை பின்னாளில் இதற்குப் பயன்பட்டது. அது எளிய முறை. இன்றைய நெரிசலைக் கொண்டு ஒவ்வொருவருக்கும் எது குறுகிய வழி என்று பார். எல்லாரும் அவ்வழிக்கே மாறிவிட்டதாகக் கற்பனை செய். ஆனால் எல்லாரையும் மாற்றிவிடாதே, எத்தனை பங்கினரை மாற்றினால் மிகுந்த பயனோ அத்தனை பங்கினரை மட்டும் மாற்று. பிறகு மீண்டும் முதலிலிருந்து பார். தொடக்கத்தில் விரைந்து முன்னேறும் இம்முறை, இலக்கை நெருங்க நெருங்க இப்பக்கமும் அப்பக்கமுமாக அலைந்து தளரும். (ஆன்ம வழிகாட்டுதலில் பழகியவர்களுக்கு இது புதிதாக இராது.) 2002-இல் ஹில்லெல் பார்-கெராவும் 2006-இல் ராபர்ட் டயலும் வெளியிட்ட முறைகள், யார் எங்கிருந்து புறப்பட்டார் என்ற விவரத்தை விடாமல் வைத்துக்கொண்டு கணக்கிடுவதால், கடைசி நுணுக்கம்வரை விரைவாகச் செல்கின்றன. எது சிறந்தது என்று ஒப்பிட அமெரிக்காவின் சூ ஃபால்ஸ் நகரின் பெயர்கொண்ட ஒரு சிறிய வரைபடத்தை, 24 சந்திப்புகளும் 76 சாலைத்துண்டுகளும் கொண்டதை, 1975 முதல் உரைகல்லாக வைத்திருக்கின்றனர்.

நமக்கு முதன்மையானது வேறு. இந்தப் படிமுறைகளுக்கு முதற் கோட்பாடும் ஒன்றே, இரண்டாவதும் ஒன்றே. தன்னலச் சமநிலை வேண்டுமா, பொதுக்கூட்டின் குறைவு வேண்டுமா? இரண்டையும் அதே கருவி கண்டுபிடித்துத் தரும். மாற்ற வேண்டியது, சாலைத்துண்டு ஒவ்வொன்றுக்கும் எழுதும் விலையை மட்டுமே. நான் படும் நேரத்தை மட்டும் எழுதினால் முதலாவது வரும். அதோடு, என் வரவால் பிறர் கூடுதலாகப் படும் நேரத்தையும் சேர்த்து எழுதினால் இரண்டாவது வரும். பிரேஸின் ஊர்திகளுக்கு இவ்விலையை இட்டால், மூன்று மூன்றாகச் செல்லும்போது பழைய வழியின் விலை 116, குறுக்குவழியின் விலை 130. ஒருவரும் அப்பக்கம் திரும்பார். சாலை வெறிச்சோடிக் கிடக்கும். எல்லாரும் 83 நிமிடத்தில் வீடு சேர்வர்.

அப்படியானால் இரண்டாவதை ஆணையாக்கி விடலாமே என்று தோன்றும். இங்கேதான் அறநெறியின் கடினமான பகுதி தொடங்குகிறது. கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் பிகூ 1920-இல் எழுதிய நூலில் இரு சாலைகளைப் பற்றிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அதை நம் எண்களில் சொல்வோம். நூறு பேர் செல்ல வேண்டும். அகன்ற சாலையில் எத்தனை பேர் சென்றாலும் 60 நிமிடம். குறுகிய சாலையில் நூறு பேரும் சென்றால் 60. ஐம்பது பேர் சென்றால் 30. அவரவர் விருப்பத்துக்கு விட்டால் நூறு பேரும் குறுகியதில் நுழைந்து 60 நிமிடம் படுவர். ஐம்பது பேரை அகன்ற சாலைக்கு அனுப்பினால், அவர்களுக்கு அதே 60, மற்ற ஐம்பது பேருக்கு 30, சராசரி 45. அனுப்பப்பட்டவர் எதையும் இழக்கவில்லை. ஆயினும் அவர்கள் முணுமுணுப்பர். திராட்சைத் தோட்டத்தில் காலைமுதல் உழைத்து, பேசிய கூலியைக் குறைவின்றிப் பெற்றும் முணுமுணுத்தவர்களை நாம் அறிவோம். அவர்களைக் கடிந்துகொள்ள நற்செய்தியில் தலைவர் ஒருவர் இருக்கிறார். நமது சாலைகளில் அந்த இடத்தில் நின்று பேசும் உரிமை யாருக்கு?

எல்லா நகரங்களிலும் கணக்கு இவ்வளவு கருணையோடு இருப்பதும் இல்லை. சில வரைபடங்களில், மொத்தம் குறைய வேண்டுமானால், சிலர் உண்மையிலேயே முன்னைவிட நீண்ட வழியில் அனுப்பப்பட வேண்டும். பலருடைய நன்மைக்காக ஒருவர் இழப்பது நலம் என்ற வாதத்தைக் கயபா முன்வைத்ததை மறவாதவர்கள், மொத்தம் என்ற சொல்லைச் சற்று அச்சத்துடனேயே கையாள வேண்டும். புனித தாமஸ் அக்குவினாஸ் சட்டத்துக்குத் தந்த இலக்கணத்தில் பொதுநன்மையும் உண்டு. அச்சமூகத்தின் பொறுப்பை ஏற்றவரே அதை இயற்ற வேண்டும் என்பதும் உண்டு. பொதுநன்மை கூட்டுத்தொகை அன்று. எப்போதும் அதே கிராமத்தார் நீண்ட வழியில் போக, எப்போதும் அதே நகரத்தார் முப்பது நிமிடத்தில் சேர்ந்தால், கூட்டல் சரியாக இருக்கும்; சட்டம் கோணலாக இருக்கும். முறைவைத்து மாறி மாறிச் செல்லுங்கள் என்பது வேறு. அதற்கு நம் மனம் இசைகிறது.

இதுவரை ஊர்திகளைத் தண்ணீர்போல் பகுக்கலாம் என்று வைத்துக்கொண்டோம். பெருநகரக் கணக்கில் ஒரு வழிக்கு 0.37 ஊர்தி என்று விடை வந்தால் யாரும் கலங்குவதில்லை. ஆனால் எந்தச் சாலையைக் கட்டுவது என்ற கேள்வி எழுந்தவுடன் தண்ணீர் கல்லாகிவிடுகிறது. கட்டு, கட்டாதே, ஒன்று அல்லது பூச்சியம். பாதிப் பாலம் ஆற்றின் நடுவில் முடியும். முழு எண்களாக மட்டுமே விடை வேண்டும் என்ற நிபந்தனை வந்ததும், நன்கு ஓடிக்கொண்டிருந்த படிமுறைகள் திகைத்து நிற்கின்றன. இருபது சாலைத் திட்டங்களில் எவற்றைத் தேர்வது என்றால் 10,48,576 சேர்க்கைகள். முப்பது என்றால் 107 கோடிக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் மக்கள் எப்படிப் பிரிவர் என்ற சமநிலையைத் தனியே கணக்கிட வேண்டும். பின்னத்தில் விடை கண்டு அருகிலுள்ள முழு எண்ணுக்குத் தள்ளிவிட்டால் போதாதா எனில், அந்த விடை மிக மோசமாகவும் அமையலாம். குழந்தையைப் பாதியாக்கலாம் என்றபோது ஒரு பெண் இசைந்தாள், மற்றவள் துடித்தாள். சில பொருள்கள் வகுபடா என்பதைச் சாலமோன் அந்தத் துடிப்பிலிருந்துதான் அறிந்துகொண்டார்.

இத்தகைய சிக்கல்களுக்கு இருவகை அணுகுமுறைகள் உள்ளன. ஒன்று, 1960-இல் ஏல்சா லேண்ட், அலிசன் டாய்க் ஆகிய இரு பெண்மணிகள் வகுத்தது: கிளைகளாகப் பிரித்து, பயனற்ற கிளைகளை வெட்டிக்கொண்டே செல்வது. ஒரு கிளை பயனற்றது என்று தேடாமலே எப்படித் தெரியும்? 1975-இல் லாரி லெப்ளாங்க் சாலைக் கட்டுமானத்துக்கு இதைப் பொருத்தியபோது கையாண்ட வழி அழகானது. இன்னும் முடிவு செய்யாத சாலைகள் எல்லாம் கட்டப்பட்டுவிட்டதாகவும், பயணிகள் அனைவரும் பொதுக்கூட்டைக் குறைக்கவே ஒத்துழைப்பதாகவும் வைத்துக்கொள். அப்போதும் கையிலுள்ள திட்டத்தைவிட இது நன்றாக இராது என்றால் கிளையை வெட்டு. தன்னலச் சமநிலையை வைத்து இப்படி வெட்ட முடியாது. ஏனெனில் பிரேஸ் காட்டியபடி, சாலை கூடினால் அது மோசமாகவும் ஆகலாம். மக்கள் ஒருநாளும் நடந்துகாட்டாத அந்த ஒத்துழைப்பு, கணக்கில் உறுதியான எல்லைக்கல்லாக நிற்கிறது. அடைய முடியாத இலட்சியத்தால் என்ன பயன் என்று கேட்போருக்கு இதைச் சொல்லலாம்.

மற்றொன்று, உறுதியைக் கைவிட்டு நல்லதைத் தேடும் வகை. 1983-இல் கிர்க்பேட்ரிக்கும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட முறை, கொல்லன் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி மெல்ல ஆறவிடுவதைப் பின்பற்றுகிறது. சூடு மிகுந்த தொடக்கத்தில், இருப்பதைவிட மோசமான விடையையும் சிலவேளை ஏற்றுக்கொள்ளும். சிறிய பள்ளத்தில் சிக்கிக்கொள்ளாமல் இருக்க அது உதவும். பெரும்பாலும் நல்ல விடையை விரைவில் தரும். ஆனால் இதைவிட நல்லது இல்லை என்று சான்று தராது. முதலாவது வகை சான்று தரும். ஊர் பெரிதாக இருந்தால் விடை வருமுன் நாம் இருக்கமாட்டோம். ஐயமுள்ள மனச்சான்று உறுதி பெறும்வரை காத்திருக்க வேண்டுமா, தக்க காரணமுள்ள கருத்தைப் பின்பற்றிச் செயல்படலாமா என்று பதினேழாம் நூற்றாண்டு அறநெறியாளர் சண்டையிட்டனர். புனித அல்போன்ஸ் லிகோரி நடுவழி கண்டார். நம் இளைஞரிடம் எந்த முறையைக் கையாள்கிறீர் என்றோம். "ரெண்டாவதுதான் சாமி, அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுக்க நாள் குறிச்சிருக்காங்களே" என்றார். லிகோரியார் மறுத்திருக்கமாட்டார்.

பிறர் படும் நேரத்தை விலையாக்கிப் பணமாகவே பெறலாம் என்பது மற்றொரு யோசனை. ஸ்டாக்ஹோம் நகரம் 2006 ஜனவரி முதல் ஜூலை வரை நெரிசல் கட்டணத்தைச் சோதித்துப் பார்த்தது. எல்லையைக் கடக்கும் ஊர்திகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. சோதனைக்கு முன்னர் எதிர்த்தவர்களே மிகுதி. செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில் நகரத்தின் பெரும்பான்மை அதை ஏற்றது. 2007 ஆகஸ்டில் நிலைபெற்றது. நமக்கு இதில் மகிழ்ச்சியும் உண்டு, உறுத்தலும் உண்டு. என்னால் நீ படும் துன்பம் இதோ என்று சீட்டில் எழுதித் தருவது நேர்மையானது. ஆனால் செல்வருக்கு அச்சீட்டு ஒரு பொருட்டன்று. நாட்கூலிக்கு அது ஒருவேளை உணவு. வந்த பணம் பேருந்தாகவும் தொடர்வண்டியாகவும் ஏழைக்குத் திரும்பாவிட்டால், சாலையைக் காலி செய்து வசதியுள்ளவருக்குக் கொடுத்ததாகவே முடியும்.

கூட்டுத்தொகையில் யார் இருக்கிறார் என்பதும் கேட்கப்பட வேண்டும். நியூயார்க் நகருக்கு எதிர்க்கரையில், நியூ ஜெர்சி மாநிலத்தில், லியோனியா என்ற சிற்றூர் இருக்கிறது. ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்து நெரிசலைத் தவிர்க்க, கைப்பேசியின் வழிகாட்டும் செயலிகள் ஊர்திகளை அவ்வூர்த் தெருக்களுக்குள் அனுப்பின. 2018 ஜனவரியில் ஊராட்சி, சுமார் 60 தெருக்களை நெரிசல் வேளைகளில் வெளியூராருக்கு மூடியது; அவ்வாண்டே நீதிமன்றம் அவ்விதியை ஏற்க மறுத்தது. சாலை எல்லாருக்கும் பொது என்பது உண்மையே. ஆனால் வார்ட்ராப்பின் இரண்டு கோட்பாடுகளிலும் பயணம் செய்பவருக்கு மட்டுமே எண் உண்டு. வாசலில் கோலமிடுபவருக்கும், தெருவில் விளையாடும் குழந்தைக்கும், நிற்பவருக்கும் எண் இல்லை. எண் இல்லாதவர் எத்தனை துன்புற்றாலும் கூட்டுத்தொகை அசையாது. ஆகவேதான் இரண்டாவதை ஆகவேண்டிய உலகம் என்று சொல்ல அவசரப்பட வேண்டாம் என்றோம்.

இளைஞர் விடைபெறுமுன், அந்தப் பழைய தாளைக் காட்டி நாம் ஒன்று கேட்டோம். ஆறு பேரும் 92 நிமிடத்தில் சிக்கியிருக்கிறார்களே, குறுக்குச் சாலையில் போகும் இருவரில் ஒருவர் மட்டும், இது சரியன்று என்று பழைய வடவழிக்குத் திரும்பினால் என்ன ஆகும்? அவர் கணக்கிட்டார். திரும்பியவருக்கு 93, ஒரு நிமிடம் நட்டம். வடவழியில் ஏற்கெனவே இருந்த இருவருக்கும் 93. தென்வழியில் வருவோர் இருவருக்கும் 82. ஆளுக்குப் பத்து நிமிடம் மிச்சம். குறுக்குச் சாலையிலேயே தங்கிவிட்ட மற்றவருக்கு 81. எல்லாரையும்விட மிகுந்த பயன் அவருக்கே.

"அப்போ திரும்பினவன் ஏமாளிதானே, சாமி?" என்றார்.

தங்கியவரும் திரும்பினால், என்றோம். மீண்டும் எழுதினார். தென்வழிக்கு வரும் அவருக்கு 81 என்பது 83 ஆகும். இரண்டு நிமிடம் அவர் இழக்க வேண்டும். முன்னே தென்வழியில் வந்த இருவருக்கு ஆளுக்கு ஒரு நிமிடம் கூடும். வடவழி மூவருக்கும், முதலில் திரும்பியவர் உட்பட, 93 என்பது 83 ஆகிவிடும். ஆறு பேரும் பழைய 83-க்கே வந்து சேர்வர்.

திரும்புவது கடமை என்று சொல்ல நமக்கு இன்னும் துணிவில்லை. அறியாதவரை அவர்கள் குற்றமற்றவர்கள். இந்தத் தாளைப் பார்த்தபின் அப்படிச் சொல்ல முடியுமா என்பது ஐயமே. தங்கியவர் அந்த இரண்டு நிமிடத்தைத் தருவாரா என்று நம் இளைஞரைக் கேட்டோம். அவருடைய படிமுறைகளில் அதற்கு இடமில்லை என்றார். பேருந்துக்கு நேரமாகிவிட்டதால் எழுந்தார்.